வாங்கியவர் கையெழுத்து

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த சந்தில், கிரேன்காரருக்கு மட்டும் யாரும் எதையும் ரகசியமாகக் கொடுத்துவிட முடியாது. குடிபோன மூன்றாவது வாரத்திலேயே இதைத் தெரிந்துகொண்டேன்.

ஐப்பசி மாதம், விடாத மழை. காலை ஷிஃப்டுக்குக் கிளம்பியவர் தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். என்னிடம் இரண்டு குடைகள் இருந்தன. ஒன்றைக் கொடுத்து, திருப்பித் தர வேண்டாம் என்றேன். "இது உனுக்கு ஏது நைனா?" என்று கேட்டார். நான் அப்போது கடற்கரைச் சாலையில், சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் குமாஸ்தா. சரக்கு இறக்குமதி செய்யும் பார்ட்டி ஒருவர் தீபாவளிக்குக் கொடுத்தது என்று உள்ளதைச் சொன்னேன். அது தப்பாகப் போயிற்று.

மறுநாள் பால்காரருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மறுநாள் சவரக்கடையில் தெரிந்திருந்தது. நான்காம் நாள் எங்கள் தலைமைக் குமாஸ்தா துறைமுக வார்ஃபுக்குப் போயிருக்கிறார். கிரேன் கூண்டிலிருந்து இறங்கி வந்தவர் குடையை விரித்துக் காட்டி, "இது யார் குடுத்த குட தெரியுமா சார்? உங்காபீஸ் கிளார்க்கு குடுத்தாரு. அவுருக்கு பார்ட்டி குடுத்தாங்களாம். சோக்கா கீதுல்ல?" என்று கேட்டிருக்கிறார். தலைமைக் குமாஸ்தா திரும்பி வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அன்றைய என் டைரியில் ஒரே வரிதான் இருக்கிறது: "குடை. இனி ஜாக்கிரதை."

கிரேன்காரருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம், அகலமான தோள். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். உயரத்தில் உட்கார்ந்து கீழே நிற்பவர்களோடு இருபது வருஷம் பேசிப் பேசிப் பெரிதாகிப்போன குரல். "உப்பு கொஞ்சம் கொடு" என்று வீட்டுக்குள் சொன்னால் எங்கள் வீட்டில் உப்பு ஜாடியைத் தேடுவார்கள். அந்தக் குரலில்தான் அவர் தம் வீட்டுச் சாமான்களையெல்லாம் வந்தவர்களுக்கு அறிமுகப்படுத்துவார். "உக்காருங்க. மச்சான் குடுத்த சேரு. ஒரு காலு ஆடும். அது அவனுக்கும் தெரியும்." தண்ணீர் கொடுத்தால், "எதுர்வூட்டம்மா குடுத்த சொம்பு." கோயில்களில் ட்யூப்லைட் கொடுப்பவர்கள் தங்கள் பெயரை அதன் மேலேயே எழுதிக் கொடுப்பது வழக்கம். கொடுத்தவர் பெயரை வாங்கினவர் சொல்லிக்கொண்டே இருப்பதை நான் இந்த ஒருவரிடம்தான் பார்த்தேன்.

யார் கொடுத்தது என்று சொல்ல முடியாத எதையும் அவர் தொடமாட்டார். ஒரு முறை சர்க்கரை மூட்டை அவிழ்ந்து வார்ஃபில் கொட்டிவிட்டது. ஆளாளுக்குத் துண்டில் வாரிக் கட்டிக்கொண்டார்கள். மண்ணோடு போகிற சரக்குதானே, இவர் மட்டும் ஏன் சும்மா நின்றார் என்று கேட்டேன்.

"வூட்டுக்கு எத்துனு போனா யார் குடுத்ததுன்னு சொல்றது? மூட்ட குடுத்துச்சுன்னா?" என்றார். அதில் உபதேசம் எதுவும் இல்லை. அவருக்கு அது நிஜமாகவே ஒரு சிக்கல்.

அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவோம். அவர் இதற்கு நேர்மாறு. ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார், மாதச் சீட்டு கட்டுவார், வாயைத் திறக்கமாட்டார். கணவர் சேரைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போதே, "ஆமா, கோயில் மணியில கட்டி அடி" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

கிரேன்காரருக்கு ஒரே தங்கை. அவரைவிடப் பத்து வயது சின்னவள். இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி முடித்து இங்கிலாந்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். நான் அவளை ஒரே ஒரு தடவை, லீவில் வந்திருந்தபோது பார்த்திருக்கிறேன். அமைதியான பெண். வருஷத்துக்கு ஒரு முறை ஏதாவது அனுப்புவாள். அண்ணன் தங்கைக்குச் செய்வதுதான் நம் பக்கத்து வழக்கம். மணமாகிப் போன பிறகும் பண்டிகைக்குப் பண்டிகை அண்ணன் வீட்டிலிருந்து போகும். இங்கே அது தலைகீழாக நடந்தது. மற்றவர்களாக இருந்தால் மறைத்திருப்பார்கள். இவர் சந்து முழுவதும் சொன்னார்.

அண்ணியின் தம்பி எண்ணூரில் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து சாப்பிட வருவான். வந்தால் இதுதான் பேச்சு.

"இன்னா மாமு, ஊர்ல அண்ணங்காரன் தங்கச்சிக்கி சீர் செய்வான். நீ இன்னாடான்னா சீமையில இருந்து சீர் வாங்கிகினு கீற."

"ஆமா மச்சான், வாங்கறேன். உனுக்கு யாருனா குடுக்கறாங்களா? குடுத்தா நீயும் சொல்லு."

"மானம் போவுது மாமு."

"வாங்கறப்போ போவாத மானம் சொல்றப்பவா போவும்?"

அந்த நிலையில்தான் வீட்டுக்காரர் கிரேன்காரர் குடியிருந்த வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். இரண்டு அறை, ஓட்டுக் கூரை, பின்னால் ஒரு முற்றம். பத்தொன்பது வருஷம் வாடகைக்கு இருந்த வீடு. கிரேன்காரர் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று மட்டும்தான் எழுதினார். அஞ்சல் தலை ஒட்டியது நான். ஏழு வாரம் கழித்துப் பாங்கி மூலம் டிராஃப்ட் வந்தது. தொகை என் டைரியில் இருக்கிறது. இங்கே எழுதவில்லை. அவராக இருந்தால் எழுதியிருப்பார்.

வீடு அவர் பெயருக்குப் பதிவாயிற்று. அதற்குப் பிறகு துறைமுகத்தில் பேச்சு வேறு விதமாகக் கிளம்பியது. கிரேன் ஓட்டுகிறவன் வீடு வாங்கியிருக்கிறான் என்றால் கப்பலிலிருந்து சரக்கோடு வேறு என்ன இறங்கியிருக்கும்? தங்கை அனுப்பினாள் என்று அவர் சொல்லச் சொல்லச் சந்தேகம் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை. தங்கை அண்ணனுக்கு வீடு வாங்கிக் கொடுப்பதாவது! பொய் சொல்பவன்கூடக் கொஞ்சம் பொருத்தமாகச் சொல்ல வேண்டாமா? வெளியே வரும்போது கேட்டில் காவலாளிகள் அவர் சாப்பாட்டு டப்பாவை மட்டும் தனியாகத் திறந்து பார்க்கத் தொடங்கினார்கள். பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இருபது வருஷத்தில் அவருக்கு அப்படி நேர்ந்ததில்லை. வாயே ஓயாத மனிதர் வாரக்கணக்கில் சந்தில் தலையைக் குனிந்து நடந்தார். (பின்னாளில் அந்தச் சோதனை நின்றது. நின்ற பிறகும் பல மாதம் அவராகவே டப்பாவைத் திறந்து, "பொஞ்சாதி குடுத்த சோறு" என்று காவலாளிக்குக் காட்டிவிட்டுத்தான் வெளியே வந்தார்.)

மச்சானுக்கு ஒரு யோசனை இருந்தது. "பரிசுச் சீட்டு வுழுந்துச்சுன்னு சொல்லிடு மாமு. எவன் கேக்கப் போறான்?"

அண்ணிக்கும் அது சம்மதம்தான். ஆனால் கிரேன்காரர் என்னிடம் வந்தார். பெரிய தொகையைக் கொடையாகக் கொடுத்தால் கவர்மெண்டில் அதற்கென்று ஒரு வரி உண்டு, ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மையா என்று விசாரிக்கச் சொன்னார். எங்கள் ஆபீசுக்கு வரும் ஆடிட்டரின் குமாஸ்தாவிடம் கேட்டுவந்து சொன்னேன்: கொடை வரி என்று ஒன்று உண்டு, ஆனால் அது கொடுத்தவருக்குத்தான், வாங்கினவர் எழுதிக் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை.

அவர் நம்பவில்லை. "இன்னா நைனா இது? குடுத்தவள புட்சி வரி கேப்பாங்களா? வாங்கினவன் நானு. வூட்ல குந்திகினு கீறவன் நானு. அவ ஊர் பேர் தெரியாத ஊர்ல குளிர்ல கீறா. நீ தப்பாக் கேட்டுக்கினு வந்துட்ட."

"சரியாகத்தான் கேட்டேன் அண்ணே."

"அப்போ கவர்மெண்டு தப்பா எய்தி வச்சிகீது. நான் போய்ச் சொல்றேன்."

வரி வந்தால் தாமே கட்டிவிடுவது என்று மூன்று மாத ஓவர்டைம் பணத்தைத் தனியாக எடுத்து வைத்தார். ஆடிட்டரிடம் போகலாம் என்றேன். ஆடிட்டர் எழுதினால் அது ஆடிட்டர் சொன்னதாகிவிடும், வாங்கினவன் சொன்னதாகாது என்றார். படிவம் இங்கிலீஷில் இருந்தது. அதில் கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் தம் கையெழுத்தைப் போட்டு, பக்கத்திலேயே தமிழில் "வாங்கியவர்" என்று எழுதினார். மற்ற இடங்களை அப்படியே விட்டுவிட்டார். பிறகு, எங்கள் ஆபீசில் சரக்கு விவரம் எழுதும் நீளக் காகிதம் ஒன்று கேட்டார். இறக்குமதிச் சரக்குக்கு நாங்கள் எப்படி எழுதுவோமோ அப்படியே கட்டம் போட்டார். சரக்கு, எண்ணிக்கை, அனுப்பியவர், வந்த கப்பல், மதிப்பு. அவருக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான். சீமையிலிருந்து வந்ததை வேறு எப்படி எழுதுவது? நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினார். எனக்குக் காட்டவில்லை.

அந்த நான்கு ஞாயிறும் அண்ணி அவரோடு பேசவில்லை. ஐந்தாவது ஞாயிறு பேசினார். எங்கள் சுவர் வரை கேட்டது.

"காயிதத்துல எய்திக் குடுத்துட்டு வர்ற. நாளிக்கி உன் தங்கச்சி வந்து, வூடு என்னுதுன்னு நின்னா இன்னா பண்ணுவ?"

"குடுத்துருவேன். வாடகைக்கு இருப்போம். பத்தொம்பது வருசம் இல்லியா?"

"நான் ஒருத்தி கீறேன்னு நெனப்பு கீதா உனுக்கு? கேட்ல உன் டப்பாவ நோண்டறது பத்தாதுன்னு ஆபீசரையும் கூப்டுற. வேலையும் போயி வூடும் போயி நிக்கணுமா?"



புதன்கிழமை நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவருடன் வரி ஆபீசுக்குப் போனேன். இரண்டாவது மாடி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த ஒல்லியான இன்ஸ்பெக்டர் ஒருவர் படிவத்தைப் புரட்டினார்.

"இது யாருடைய ரிட்டர்ன்?"

"என்னுது சார். நானே எய்தினது."

"கொடுத்தவர் எங்கே?"

"தங்கச்சி சார். சீமையில கீறா. அவள வுட்ருங்க. வாங்கினவன் நான் வந்துகீறேன்ல?"

"என்ன வேலை பார்க்கிறீங்க?"

"ஆர்பர்ல கிரேன் ஓட்டறேன்."

இன்ஸ்பெக்டரின் கண்ணாடி நெற்றியிலிருந்து இறங்கியது. துறைமுகத்து ஆள், வெளிநாட்டுப் பணம், வீடு. அவர் மனதில் என்ன ஓடியது என்பது எனக்கே தெரிந்தது. அவர் நீளக் காகிதத்தைப் பிரித்துச் சத்தமாகவே படித்தார், எதிரில் இருப்பவன் எங்கே தடுமாறுகிறான் என்று பார்ப்பதுபோல.

"கம்பளிச் சட்டை, பச்சை, ஒன்று. மதிப்பு... 'மெட்ராசில் உபயோகம் இல்லை.' சுவர்க் கடிகாரம், ஒன்று. 'தினம் ஐந்து நிமிஷம் முந்தி ஓடும், மற்றபடி நல்ல சாமான்.' சாக்லேட் டின், மூன்று. 'சந்துக்குக் கொடுத்தாச்சு.' வீடு, ஒன்று. வந்த கப்பல்... 'பாங்கி.'"

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் காகிதத்தின் உச்சிக்குப் போனார். முதல் வரியை விட்டுவிட்டுப் படித்திருக்கிறார் போலிருக்கிறது.

"ரத்தம்," என்று படித்தார். "ஒரு பாட்டில். வந்த கப்பல்: இல்லை, நேரில். மதிப்பு: தெரியவில்லை." நிமிர்ந்தார். "இது என்ன?"

கிரேன்காரர் மடங்காத விரல்களைக் காட்டினார். "சங்கிலில கை மாட்டிச்சு சார். பெரியாஸ்பத்திரில போட்டாங்க. அவ அப்போ அங்கதான் ட்ரெய்னிங்ல இருந்தா. அவ ரத்தந்தான் ஏத்துனாங்க. எய்தணும்ல?"

"மதிப்பு தெரியவில்லைன்னு போட்டிருக்கீங்க."

"நாலு பேரக் கேட்டுப் பாத்தேன் சார். யாரும் சொல்லல."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் காகிதத்தை மடித்து நீட்டினார். குரல் மாறியிருந்தது. "பெரியவரே, இதில் உங்களுக்கு வரி எதுவும் கிடையாது. வாங்கினவர் இதை எழுதவே வேண்டியதில்லை. எடுத்துக்கிட்டுப் போங்க."

கிரேன்காரர் வாங்கவில்லை. "துட்டு வேணாம்னா வேணாம் சார். எய்தினது இங்க இருக்கட்டும். நான் சொன்னா ஊர்ல நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க வச்சிகினா நம்புவாங்க."

"வச்சுக்கணும்னா விசாரிக்கணும். பத்திரம், பாங்கிச் சீட்டு எல்லாம் வீட்டில் வந்து பார்ப்பேன். ஏதாவது ஒன்று ஒத்துப்போகாவிட்டால் உங்க வேலைக்கே ஆபத்து. யோசிச்சுச் சொல்லுங்க."

"சனிக்கிழம வாங்க சார். எனுக்கு லீவு."

பஸ்ஸில் திரும்பும்போது நான் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் வருகிற விஷயத்தைச் சந்தில் யாரிடமும் சொல்லாதீர்கள். சரி என்றார். இறங்கி நடந்து, சந்து முனைக்கு வந்ததும் சொல்லிவிட்டார்.

எங்கள் சந்தில் கப்பல் சாமான் இல்லாத வீடு இரண்டோ மூன்றோதான். மாலுமிகள் விற்றது, யாரோ கொடுத்தது, எங்கிருந்தோ வந்தது. சனிக்கிழமை நான் மதியம் ஆபீசிலிருந்து வந்தபோது சந்து துக்க வீடுபோல இருந்தது. கொடிகளில் ஒரு நைலான் புடவை இல்லை. எந்த வீட்டிலும் டிரான்சிஸ்டர் பாடவில்லை. வாசனைச் சோப்பு போட்டுக் குளிக்கும் எதிர்வீட்டுக்காரர் அன்று குளிக்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது. கதவு இடுக்குகளில் மட்டும் கண்கள்.

இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். கிரேன்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நின்றிருந்தார். "உக்காருங்க சார். மச்சான் குடுத்த சேரு" என்றார். அந்த மச்சான் சுவரோடு சுவராக நின்று, "கம்னு இரு மாமு" என்று பல்லைக் கடித்தான்.

இன்ஸ்பெக்டர் ஒரு மணி நேரம் பார்த்தார். பத்திரம், பாங்கிச் சீட்டு, தங்கையின் கடிதங்கள். பட்டியலில் இருந்த ஒவ்வொன்றையும் கிரேன்காரர் எடுத்து வந்து முன்னால் வைத்தார். கம்பளிச் சட்டையைப் போட்டே காட்டினார். கடைசியில் இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"எல்லாம் சரியாக இருக்கிறது. இதை ஆபீஸில் வைத்துக்கொள்கிறேன். உங்க மேல் ஒரு குற்றமும் இல்லை."

"சார், அத்த வாசல்ல நின்னு ஒருவாட்டி சொல்லிடுங்க."

இன்ஸ்பெக்டர் தயங்கினார். பிறகு வாசற்படிக்கு வந்து, மூடிய கதவுகளைப் பார்த்து, கொஞ்சம் கூச்சத்தோடு அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னார். இடுக்குகளில் இருந்த கண்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கிரேன்காரர் இத்தனை வாரம் குனிந்திருந்த தலையை முழுக்க நிமிர்த்தினார். கம்பளிச் சட்டைக்குள் அவருக்கு வேர்வை ஆறாக ஓடிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் பையை எடுக்கப் போனபோது உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"ஒண்ணு வுட்டுப்போச்சு சார்."

எல்லோரும் திரும்பினோம். அண்ணி அறை வாசலில் நின்று, கழுத்தில் இருந்த சங்கிலியை வெளியே எடுத்துப் பிடித்திருந்தார்.

"இதுவும் என் நாத்தனார் குடுத்ததுதான். லீவுல வந்தப்போ தன் கய்த்துலருந்து கய்ட்டிப் போட்டா. சீட்டுத் துட்டுல வாங்கினேன்னு இவராண்ட சொல்லி வச்சிகீறேன்."

கிரேன்காரர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. அவர் குரல் வராமல் நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இன்னா முய்க்கிற? உங்கிட்ட சொல்லாதன்னு சொன்னவ அவதான். 'அண்ணங்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி, ஊர் பூரா சொல்லிடும்'னா. நல்லதா நாலு வார்த்தை அவளப் பத்தி நான் எவராண்டயும் சொன்னதில்ல. வூட்டக் கேட்டுருவாளோன்னு பயந்துகினு கெடந்தேன். கய்த்துல இருந்தத கய்ட்டிக் குடுத்தவளா வந்து வூட்டக் கேக்கப் போறா? எய்திக்கோங்க சார்."

இன்ஸ்பெக்டர் சிரித்தேவிட்டார். "அம்மா, இதெல்லாம் தேவையே இல்லை."

"அவரு குடுத்தா வாங்கிக்கினீங்க. நான் குடுத்தா வேணாமா?"

"அப்படியானால் உங்க பேரில் தனியாக எழுதணும். அவர் கையெழுத்து இதற்குச் செல்லாது."

"எனுக்கும் கையெய்த்து வரும்."

நான் ஓடிப்போய் நீளக் காகிதம் ஒன்று கொண்டுவந்தேன். இன்ஸ்பெக்டர் மறுபடி சேரில் உட்கார்ந்தார், அது ஆடியது. அண்ணி தையல் மேஜையில் அளவுக்கட்டையை வைத்துக் கட்டம் போட்டார். கிரேன்காரர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "மதிப்பு போடுவியா?" என்றார். அண்ணி காகிதத்தை உள்ளங்கையால் மூடினார்.

"நீ அப்பால போ. இது என்னுது."

அவர் வெளியே வந்து வாசற்படியில் நின்றார். ஒரு கதவு திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. எவ்வளவு நேரம்தான் அடக்கிக்கொள்வார்?

"இன்னா பாக்கறீங்க?" என்று கிரேன் கூண்டுக் குரலில் கேட்டார். "என் தங்கச்சி என் பொஞ்சாதிக்கு ஒரு செயின் குடுத்துகீறா! உள்ள எய்தினு கீது!"

அண்ணி எழுதிக் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் செய்தி கல்மண்டபத்தைத் தாண்டிவிட்டது.